ஆப்பிரிக்காவுக்காக செஞ்சியில் ஒரு பட்டிமன்றம்

செஞ்சிக்கு நான் கோட்டை பார்க்கப் போகவில்லை. ஆப்பிரிக்காவுக்காகச் சண்டை போடப் போனேன். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கும் நான், ஞாயிற்றுக்கிழமையானால் பட்டிமன்றம் பேச எந்த ஊர் கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன் என்பது இந்த வலைப்பூவைப் படிப்பவர்களுக்குத் தெரியும். பேசப் போன ஊரைச் சுற்றிப் பார்க்காமல் திரும்புவதில்லை என்பதும் தெரியும். கடந்த ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் நடந்தது இது.

கூப்பிட்டவர் தனசேகரன். தளவானூர்க்காரர், ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பக்கத்து முன்னாள் படைவீரர்கள் சங்கம் ஒன்றின் செயலாளர். ஆண்டு விழாவுக்கு அவர் வைத்த தலைப்பைப் போனில் கேட்டபோது ராங் நம்பரோ என்று நினைத்தேன். “ஆப்பிரிக்காவின் வட்டார அமைதிப்படைகளுக்குச் செலவு செய்ய வேண்டியது அக்கம்பக்கத்து நாடுகளா, உலக நாடுகளா?” இதை ஆடி மாதத்தில், கல்யாண மண்டபத்தில், மைக் வைத்துப் பேச வேண்டுமாம்.

“நான் அங்க நீலத் தொப்பி போட்டு ஒரு வருஷம் இருந்தேன் மேடம்,” என்றார். “எங்களை அனுப்புனது உலக நாடுகளோட சபை. எல்லா நாடும் வரி மாதிரி கட்டுற பணம், அதனால எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. பக்கத்துக் காவல் போஸ்ட்ல இருந்தவங்க அக்கம்பக்கத்து நாட்டுப் பசங்க. அவங்களுக்கு யாராவது பணக்கார நாடு மனசு வச்சாத்தான் டீசல். ஒரு நாள் அது நின்னு போச்சு, போஸ்ட்டைக் காலி பண்ணிட்டாங்க. அவங்க இருந்த தைரியத்துல ஒரு சந்தை நடந்துனு இருந்துது. அடுத்த வாரம் அங்க ஒரு கடை இல்ல.”

அவருக்கு ஒரு சிக்கலும் இருந்தது. கமிட்டியில் மற்றவர்கள் எல்லாம் மாமியார் மருமகள் தலைப்பு போதும் என்றிருக்கிறார்கள். இவர் விடாப்பிடியாக நின்றதும், தீர்ப்பு சொல்லும் நேரத்தில் மண்டபம் காலியாக இருந்தால் செயலாளர் பதவியை விட்டு இறங்க வேண்டும் என்று பேச்சாகிவிட்டது. மனிதர் சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். உலக நாடுகள் பக்கம் நான் பேச வேண்டும். எதிரணியில் அப்பாண்டைராஜன் என்றார். செஞ்சியில் நெல் வியாபாரம் செய்கிற தமிழ்ச் சமணக் குடும்பத்துக்காரர். திண்டிவனத்திலும் வந்தவாசியிலும் என்னை மண்ணைக் கவ்வ வைத்தவர். அதனாலேயே ஒத்துக்கொண்டேன்.

இனி பயணம். கிளாம்பாக்கத்தில் காலை ஐந்தே காலுக்குத் திருவண்ணாமலை பஸ்ஸைப் பிடித்தேன். திண்டிவனம் வழியாகப் போகும் பஸ்ஸா என்று கேட்டு ஏறுங்கள். டிக்கெட் 135 ரூபாய், ஏறக்குறைய 120 கிலோமீட்டர். திண்டிவனத்தில் பத்து நிமிடம் நிற்பான், காபி சுமார்தான். எட்டே முக்காலுக்கு செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். அங்கிருந்து கோட்டை இரண்டு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூறு கேட்டார், எண்பதுக்கு வந்தார், வழியெல்லாம் அந்த இருபது ரூபாய்க்காகப் புலம்பினார்.

“எங்க ஊர்ல கூழ் வாக்குறாங்கம்மா. தலைக்கட்டுக்கு ஐநூறு வரி. இன்னா பண்றது, குடுத்துத்தான் ஆவணும்.”

“குடுக்கலன்னா?”

“குடுக்காம எப்படிம்மா? ஊர்ல தலை காட்ட வேணாமா?”

இறங்கும்போது நூறாகவே கொடுத்துவிட்டேன். ஆடி மாதம், போகட்டும்.

கோட்டை ஒன்பது மணிக்குத் திறக்கிறது. நுழைவுச்சீட்டு 25 ரூபாய். உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்த பிறகு கூட்டம் கூடியிருக்கிறது, ஆனால் பாதிப் பேர் அடிவாரத்துக் கல்யாண மகாலோடு செல்ஃபி எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். ராஜகிரி மலை ஏறாமல் செஞ்சி போனேன் என்று சொல்லாதீர்கள். ஏறி இறங்க மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மதியம் மூன்றுக்கு மேல் ஏற விடமாட்டார்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், நல்ல செருப்பு. கையில் தின்பண்டம் கூடாது, குரங்குகள் பையைத் திறக்கத் தெரிந்தவை. என் கடலை மிட்டாய் பாக்கெட் முதல் வாசலிலேயே போனது.

அடிவாரத்தில் நெற்களஞ்சியத்துக்குள் பத்து நிமிடம் உட்கார்ந்தேன். உள்ளே குளிர்ச்சி, சுவர் அவ்வளவு தடிமன். இத்தனை ராஜாக்கள் மாறி மாறிப் பிடித்த கோட்டை இது. ஒவ்வொருவனும் காவலுக்கு ஆள் நிறுத்துவதற்கு முன்னால் இங்கே நெல்லை நிரப்பியிருப்பான். வயிறு காய்ந்த காவல்காரனை நம்பி எந்த ராஜாவும் தூங்கியிருக்க மாட்டான். இதைப் பேச்சில் சேர்க்கலாம் என்று குறித்துக்கொண்டேன்.

மேலே ஏற ஏற வெயில் மண்டையைப் பிளந்தது. உச்சிக்குச் சற்று முன்னால் பாறைப் பிளவுக்கு மேல் ஒரு பாலம் இருக்கிறது. அதைத் தாண்டியதும் ஆடிக்காற்று முகத்தில் அடித்தது பாருங்கள், அந்த ஒரு நிமிடத்துக்காகவே இன்னொரு முறை ஏறலாம். மணிக்கூண்டு அருகில் நின்று மூன்று மலைகளையும் சேர்த்துக் கட்டிய மதிலைப் பார்த்தேன். எதிரே இருந்த கிருஷ்ணகிரியைப் பார்த்து என் பேச்சை முழுதாக ஒருமுறை ஒத்திகை பார்த்தேன். ஒரு புதுமணத் தம்பதி பயந்துபோய் வேறு பக்கம் போனார்கள்.

இறங்கிக் குளித்து உடை மாற்ற பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் அரை நாளுக்கு 500 ரூபாய். சாப்பாடு 110, வத்தக்குழம்பு பிரமாதம். மூன்று மணிக்கு மண்டபத்துக்குப் போனபோது நாற்காலிகள் நிறைந்திருந்தன. அவலூர்பேட்டை வரைக்கும் சொல்லி ஆட்களைத் திரட்டியிருந்தார் தனசேகரன். இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டையில் வாசலிலேயே நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

எங்கள் அணியில் முதலில் பேசியவர் திண்டிவனத்து இளம் வக்கீல். நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தார், அதுதான் வினை. நிதி ஒதுக்கீடு, தன்னார்வப் பங்களிப்பு, மதிப்பீட்டு விகிதம் என்று அவர் அடுக்க அடுக்க, பின்வரிசை எழுந்து டீக்கடைக்கு நடந்தது. பத்தே நிமிடத்தில் கால்வாசி மண்டபம் காற்று வாங்கியது. வெளியே போகிறவர்களை எல்லாம் தனசேகரன், “வந்துடுங்க, வந்துடுங்க” என்று கும்பிட்டபடி நின்றார். எனக்குப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

அடுத்து அப்பாண்டைராஜன். வேட்டி நுனியைப் பிடித்தபடி வந்து, சும்மா கடையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஆரம்பித்தார்.

“பணம் குடுக்குறவன் சும்மா குடுப்பானா? நான் நெல்லு வியாபாரி. முன்பணம் குடுத்தவன்தான் விலை சொல்லுவான். உலகம் பணம் குடுத்தா உலகம்தான் அங்க உத்தரவு போடும். அவங்க ஊரு, அவங்க காசு, அவங்க படைன்னு இருக்கட்டும். இன்னொண்ணும் சொல்றேன். அமைதிப்படைன்னு ஒரு பேரை வச்சு இங்கேர்ந்து கடல் தாண்டி அனுப்புனாங்களே, அங்க இன்னா நடந்துச்சுன்னு தமிழனுக்கு யாரும் சொல்லித் தரணுமா?”

 விழுந்த கைதட்டலில் டீக்கடைக்குப் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.  நியாயமான கேள்வி, அதுதான் தொல்லை.

மைக்கைப் பிடித்தேன். எழுதி வைத்திருந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். “உங்க ஊர்ல கூழ் வார்க்கத் தலைக்கட்டு வரி எவ்வளவு?” என்று கேட்டேன்.

மூலைக்கு மூலை சத்தம் வந்தது. முந்நூறு, ஐநூறு, எங்க ஊர்ல ஆயிரம்!

“எதுக்குங்க வரி? ஊர்ல பெரிய மனுஷர் நாலு பேர் நன்கொடை குடுத்தா போதாதா?”

முன்வரிசையில் சிவப்புப் புடவை கட்டிய அம்மா ஒருவர் உட்கார்ந்தபடியே சொன்னார்: “நல்லாருக்குது போ! அவரு போட்டோ பேனர்ல சின்னதா வந்துட்டுதுன்னு போன வருஷம் ஒருத்தரு மேளக்காரனுக்குக் குடுக்குறதையே நிறுத்திட்டாரு. வரின்னாத்தான் விழா நடக்கும்.”

சிரிப்பு அடங்கவே நேரம் ஆனது. வெளியே நின்றவர்கள் உள்ளே வர ஆரம்பித்தார்கள். அப்போதே தெரிந்துவிட்டது, இன்றைக்கு நான் விடமாட்டேன்.

“இதேதாங்க அங்க நடக்குது,” என்றேன். “ஆப்பிரிக்காவுல ஒரு நாட்டுல கலவரம்னா முதல்ல ஓடுறது பக்கத்து நாட்டுப் படை. அவங்களோட செலவுக்கு இருக்கறது நன்கொடை. குடுக்கற நாட்டுல ஆட்சி மாறினா நின்னுபோகும். நம்ம தனசேகரன் அய்யா இருந்த இடத்துல அப்படி நின்னு, படை காலி பண்ணி, ஒரு சந்தையே மூடிப்போச்சு. முக்கால் பங்கு வரைக்கும் உலக வரியிலேருந்து குடுக்கலாம்னு உலக சபை தீர்மானமே போட்டாச்சு. ஆனா ஒவ்வொரு தடவையும் போய்க் கேட்கணும், ஒவ்வொரு தடவையும் எல்லாரும் தலையாட்டணும். அப்பாண்டைராஜன் அய்யா பக்கத்து நாடு கட்டட்டும்னு சொல்றார். அவங்க கட்டிட்டாங்க அய்யா! அவங்க பிள்ளைங்களை அனுப்பிட்டாங்க. அதுக்கு மேல எந்த நாடு என்ன கட்டிட முடியும்? மிச்சம் இருக்கறது வெறும் பணம்.”

தனசேகரன் வாசலை விட்டு உள்ளே வந்திருந்தார்.

“கடல் தாண்டிப் போன படையைப் பத்திக் கேட்டார். அந்தக் காயத்தை நானும் மறக்கல. அது ஒரு நாடு தன் காசுல, தன் உத்தரவுல அனுப்பின படை. அதை யார் போய்க் கணக்குக் கேட்க முடிஞ்சது? நன்கொடை குடுத்தவர் படைக்கு முதலாளி ஆயிடுவார். வரின்னு ஆயிட்டா முதலாளி யாரும் இல்ல, எல்லாரும் கணக்குக் கேட்கலாம். அதனாலதான் சொல்றேன், வரியா குடுங்க. கீழ கோட்டையில களஞ்சியத்தைப் பார்த்துட்டு வந்தேன். அதை நிரப்பாம ஒருத்தனும் காவலுக்கு ஆள் நிறுத்தல.”

உட்காரும்போது எனக்கு வியர்த்துக் கொட்டியது. பின்வரிசையில் விசில். அதற்குப் பிறகு இரண்டு பேர் பேசியும் யாரும் எழுந்து போகவில்லை. நடுவர் தீர்ப்புக்கு எழுந்தபோது உட்கார இடம் இல்லாமல் சுவரோரம் நின்றார்கள். உலக நாடுகளே என்று தீர்ப்பு வந்தது. ஜெயித்தேன். அப்பாண்டைராஜனை ஜெயித்தேன்! அடக்கமாக எழுத முயன்று பார்த்தேன், வரவில்லை.

அவர் மேடையிலேயே கை கொடுத்தார். “டீச்சர், எங்க கோயில் தேருக்கு வீட்டு வீட்டுக்கு வரி பிரிக்கிறதே நான்தான். என்னை எப்படிம்மா அதுக்கு எதிராப் பேச வச்சீங்க?” தனசேகரனைச் சுற்றி கமிட்டிக்காரர்கள் நின்றார்கள். வேண்டாம் என்று அதிகம் கத்தியவர்தான் அவருக்குச் சால்வை போர்த்தினார்.  தனசேகரன் என் பக்கம் திரும்பி, விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு: ஒரே நாளில் கோட்டை போதும். இரண்டாம் நாள் இருந்தால் மண்டகப்பட்டு, தளவானூர் குடைவரைகளுக்குப் போங்கள், இரண்டும் விழுப்புரம் பக்கம், பஸ் குறைவு என்பதால் ஆட்டோ பேசிக்கொள்வது நல்லது. சித்திரை, வைகாசியில் மலை ஏறாதீர்கள். சென்னைக்குத் திரும்ப நேர் பஸ் கிடைக்காவிட்டால் திண்டிவனம் போய் மாறிக்கொள்ளலாம். உலகம் எவ்வளவு தூரம் என்பதற்கு நான் வகுப்பில் வரைபடம் காட்டுவேன். இங்கே ஒரு கூழ் வரி போதுமாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். அந்தச் சிவப்புப் புடவை அம்மா அவலூர்பேட்டை பஸ்ஸுக்குக் காத்திருந்தார். என்னைப் பார்த்ததும் பையோடு வந்தார்.

“டீச்சர், அந்த உலக வரி நம்ம நாடும் கட்டுதா?”

“கட்டுதுங்க. எல்லா நாடும் கட்டணும்.”

“நான் சோப்பு வாங்குனாலும் வரி பிடிக்கிறான். அதுலேர்ந்துதான போவுது?”

“அதுலேர்ந்துதான்.”

அவர் பஸ் வந்துவிட்டது. ஒரு காலைப் படியில் வைத்தவர் திரும்பினார். “அப்ப அந்தச் சந்தை ஏன் மூடிச்சுன்னு நானும் கேக்கலாம். எங்க கேக்கணும், சொல்லு.”

உலக சபை இருப்பது நியூயார்க்கில் என்று சொன்னேன். கண்டக்டர் விசில் அடித்தார், அந்த அம்மா இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. “அட்ரஸ் சொல்லு டீச்சர்,” என்றார்.