வலது கை, இடது கை

ஃபாங் சுயேமெய்க்குத் தன் தொழிலை நினைத்தாலே குமட்டியது. ஆன்ஹுய் மாகாணத்துச் சிற்றூர்ப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். மூத்த ஆசிரியை என்ற பட்டத்துக்குப் பதினோரு வருடமாகக் காத்துக்கிடக்கிறாள். இன்று கல்வித்துறை மேலிடத்து ஆட்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவள் வகுப்பைப் பார்க்கப்போகிறார்கள். நன்றாக அமைந்தால் பட்டம். சொதப்பினால் ஓய்வு பெறும்வரை இதே கதிதான்.

கட்டாயப்படுத்து, தடு, விடு என்ற ஆங்கில வினைச்சொற்கள்தான் பாடம். நாலு முறை ஒத்திகை முடிந்திருந்தது, ஊசிப்போன சோற்றைத் திரும்பத் திரும்பச் சூடுபண்ணுவது போல. வருடக்கணக்காக அவள் வகுப்பில் இதுதான் ஏற்பாடு: விடை தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை. ஆனால் எல்லோரும் கை தூக்கியாக வேண்டும். அவள் வலது கைக்காரர்களை மட்டும் எழுப்புவாள்.

துணைத் தலைமையாசிரியர் கெங் காலையிலேயே வந்து நின்றார். மக்குப் பிள்ளைகளை நூலகத்துக்கு அனுப்பியாயிற்றே, பெய் நிங் மட்டும் ஏன் இங்கே இருக்கிறாள் என்று கேட்டார்.

"இருந்துட்டுப் போகட்டும் சார். எப்பவும் இடது கைதான் தூக்குவா."

"பட்டம் உங்களுக்குத்தான், எனக்கில்ல. பாத்துக்குங்க டீச்சர்."

ஒவ்வொரு கேள்விக்கும் அறுபது கைகள் எழுந்தன. பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கடைசியாக, 'கட்டாயப்படுத்து' என்பதை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் கேட்டாள். ஜன்னலோரம் பெய் நிங்கின் வலது கை எழுந்தது. மூன்று வருடத்தில் முதல் தடவை! சுயேமெய்க்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. ஒத்திகையில் இல்லாத அந்தப் பெயரைக் கூப்பிட்டுவிட்டாள்.

பெய் நிங் எழுந்து, ஒரு பிழையும் இல்லாத ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். "விடை தெரியாதபோதும் கை தூக்கும்படி எங்கள் ஆசிரியை எங்களைக் கட்டாயப்படுத்துகிறார்."

அவள் முகத்தில் வன்மம் இல்லை. சரியாகச் சொல்லிவிட்ட பெருமைதான் இருந்தது. கடைசி பெஞ்சில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் நின்றன. அவர்களோடு உட்கார்ந்திருந்த கெங் தரையைப் பார்த்தார்.

"தப்பு," என்றாள் சுயேமெய். "உக்காரு."

வந்தவர்களில் ஆங்கிலம் தெரியாதவர் எவருமில்லை. ஆனாலும் எல்லோரும் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள். ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

பட்டம் வந்தது. கெங் விருந்து வைத்து, பன்றி இறைச்சியை அவள் கிண்ணத்தில் அள்ளி அள்ளிப் போட்டார். அவள் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று தோன்றியது.

வகுப்பில் பெய் நிங் இப்போதும் எல்லாக் கேள்விக்கும் கை தூக்குகிறாள். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இடது கையைத்தான்.