வலம், இடம், இடம், வலம்

முதலில் பச்சைத் தண்ணீர். தேய்க்கக் கூடாது, ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தறி ஷெட்டை விட்டு வந்ததும் சாய்வக்கா முழங்கை வரை கைகளைக் குழாயடியில் நீட்டிக்கொண்டு நிற்பார். வெந்நீர் பட்டால் தோல் வாயைத் திறக்கும், கண்ணாடி நார் உள்ளே போய்க் குடியேறிவிடும் என்பது அவர் கட்சி.

"தேய்ச்சா செத்தோம். ராப்பூரா எறும்பு ஊரும். கல்யாணமான புதுசுல எங்க வீட்டுக்காரரு, பக்கத்துல படுத்தாலே அரிக்குதுன்னு பாயைச் சுருட்டிக்கிட்டு ஓடினாரு. அப்புறம் பழகிட்டாரு. என்னைக் கட்டினவரு எதுக்குத்தான் பழகல?"

அவர் நெய்வதை யாரும் உடுத்த முடியாது. வெள்ளை வெளேரென்று, பட்டு போலப் பளபளக்கும், தொட்டால் குத்தும். காற்றாலையின் இறக்கைக்குள்ளே போகிற துணி அது. அச்சில் விரித்துப் பிசின் ஊற்றினால் இறுகிக் கட்டையாகிவிடும். சாதாரணத் துணியில் நூல் இரண்டு திசையில் ஓடும். இதிலோ மேலும் கீழும் நேர் நூல், நடுவே நான்கு அடுக்குச் சாய்ந்த நூல். மொத்தத்தையும் ஒரு மெல்லிய தையல் பிடித்து நிறுத்துகிறது.

"நேரா இழுத்தா நேர்நூல் தாங்கும். முறுக்கினா? யாரு தாங்குறது, உங்க தாத்தாவா? சாய்வுதான் தாங்கணும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லியே அவருக்கு அந்தப் பெயர் வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியும் பார்க்கமாட்டார்.

பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததோடு சரி. ஆனால் சாய்வு அடுக்கு அவர் நாக்கிலேயே இருக்கிறது: வலம், இடம், இடம், வலம். நடுவில் இருக்கும் இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்து, முதுகோடு முதுகு ஒட்டிக் கிடக்க வேண்டும். மனிதக் கைக்கோ மாற்றி மாற்றிப் போடத்தான் வரும். நடக்கிற கால் போல வலம், இடம், வலம், இடம் என்று போகப் பார்க்கும். அப்படிப் போட்டுவிட்டால் பிசின் இறுகும்போது இறக்கை தானாக முறுக்கிக்கொள்ளும். வெறும் துணியாக இருக்கையில் பிரம்மாவாலும் கண்டுபிடிக்க முடியாது. மேலும் கீழும் நேர்நூல் போர்த்தி மூடிவிடுகிறதே!

தறி பழையது. கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். திரும்ப ஓட்டும்போது, சாய்வு நூலுக்கான நான்கு பிடிகளையும் கையால் வலமோ இடமோ தள்ளிக் கொடுக்க வேண்டும். அந்தப் பிடியில் கை வைக்கும் உரிமை ஷெட்டில் சாய்வக்காவுக்கு மட்டும்தான். முதலாளி அவர் கூடப்பிறந்த தம்பி, அவர்கூடத் தொடமாட்டார். ஒரு முறை தொட்டதற்கு, "நீ ஆபீஸ்ல உக்காந்து விசிறிக்குக் கீழ காத்து வாங்குடா ராசா" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்.

தம்பிக்கு இறக்கைக் கம்பெனியின் ஆர்டர் முதல்முறையாகக் கிடைத்தது. நடுவில் ஒட்டுப் போடாத, ஒரே நீளமான சுருள். நெய்துகொண்டிருந்த அன்று கம்பெனியிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். அவர்கள் நிற்கும்போதே கரண்ட் போய் வந்தது. அக்காவுக்குக் கூட்டத்தைக் கண்டால் கேட்கவா வேண்டும்? "இதெல்லாம் நான் கண்ணை மூடிக்கிட்டே பண்ணுவேன்" என்றார். சொன்னதோடு நிற்காமல் கண்ணை மூடிக்கொண்டே நான்கு பிடிகளையும் தள்ளினார். வந்தவர்கள் கை தட்டினார்கள். அவர்கள் போன பிறகு இன்னொரு முறை கரண்ட் போனது. அப்போது கண்ணைத் திறந்து, வாயால் சொல்லிச் சொல்லித் தள்ளினார். சுருள் முடிந்தது. பிடிகளை விடுவித்தாயிற்று. இனி எது எந்தப் பக்கம் இருந்தது என்பதற்குச் சாட்சி கிடையாது.

சுருளை ஏற்ற லாரி வந்து நின்றபோதுதான் அக்காவுக்குச் சந்தேகம் தட்டியது. இரண்டாவது தடவை தள்ளியது நன்றாக நினைவிருக்கிறது. முதல் தடவை? கைதட்டல்தான் நினைவுக்கு வருகிறது. கை என்ன செய்தது என்பது வரவில்லை.

சுருளின் தலைப்பிலும் கடைசியிலும் வெட்டு முனையில் அடுக்குகளை விலக்கிப் பார்த்தார். சரியாக இருந்தது. சரியாகத்தானே இருக்கும்? சந்தேகம் இரண்டு கரண்ட் கட்டுக்கும் நடுவில் நெய்த பாகத்தில்தான்.

"ஓரத்தைக் கொஞ்சம் பிரிச்சுப் பாத்துரலாமேக்கா" என்றார் தறி மெக்கானிக்.

"ஓரத்துல தையலை அறுத்தா அந்தத் தையல் கடகடன்னு கடைசி வரைக்கும் ஓடிரும். உனக்குத் தெரியாததா? பாக்கணும்னா வெட்டித்தான் பாக்கணும்."

"வெட்டினா சுருளு காலியாச்சே!"

"ஆமா."

தம்பி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "அக்கா, இன்னைக்குப் போகலன்னா ஆர்டர் வேற ஷெட்டுக்குப் போயிரும். சொல்லிட்டாங்க. இத்தனை வருஷத்துல உன் கை தப்பினதில்ல. சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, ஏத்திடறேன்."

அக்கா சுருளின் ஓரத்தையே விரலால் தடவிக்கொண்டிருந்தார். ஷெட்டில் தறி ஓடாமல் இருந்து பார்த்திருக்கிறார்கள், அக்காவின் வாய் ஓடாமல் யாரும் பார்த்ததில்லை.

"நீ சொன்னா போதும்க்கா. எனக்கு வேற அத்தாட்சி வேணாம்."

அதுதான் அக்காவை மடக்கியது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பார். ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துச் சேர்த்துவைத்த பேரைத் தம்பி அப்படியே எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார்.

"தெரியலடா" என்றார். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்து அங்கே யாரும் கேட்டதில்லை. "கை சரியாத்தான் போட்டிருக்கும்னு தோணுது. தோணுறதை வெச்சு ஏத்தக் கூடாது. மேல இறக்கை முறுக்கிப் பிளந்தா கீழ நிக்கிறவன் தலையிலதான் விழும். அவன் என் கையைப் பாத்திருக்கானா?"

தம்பி விலகி வழி விட்டார்.

சுருளை விரித்தார்கள். முதல் தடவை தறி நின்று ஓடிய இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு. அதைத் தாண்டிக் கத்தியை வைத்து, குறுக்கே ஒரே இழுப்பாக இழுத்தார் அக்கா. துணி பெருமூச்சு விட்டது போலப் பிரிந்தது. மண்டியிட்டு உட்கார்ந்து, மேலே கிடந்த நேர்நூலை ஒதுக்கினார். வலம். அதை உரித்தார். இடம். அதையும் உரித்து, மூன்றாவது அடுக்கின் மேல் விரலை வைத்தார்.

இடம்.

அதற்கும் அடியில், வலம்.

மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். தம்பி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "சரியாத்தானேக்கா இருக்கு... சரியாத்தானே போட்டிருக்க..." என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

சாய்வக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசலுக்குப் போய், காலியாகத் திறந்தே கிடந்த லாரியின் பின்கதவைத் தானே தூக்கிச் சாத்திக் கொக்கி போட்டார். கிளம்பலாம் என்று உள்ளங்கையால் அதன் மேல் இரண்டு தட்டு தட்டினார்.