கூடையை எடுக்காத கதாநாயகி

கிள்ளைக் கரையில் ஒரு வழக்கம். யார் சினிமா பார்த்துவிட்டு வந்தாலும், மறுநாள் காலை படகுக்காகக் காத்திருக்கும் மீன்காரப் பெண்களுக்கு முழுக் கதையையும் சொல்லியாக வேண்டும். பதினாறு வருஷமாக அந்த வேலை தைலம்மாளுடையது. சிதம்பரத்தில் மீன் விற்று முடித்துக் கூடையைக் கழுவினால், நேரே மேட்னி ஷோதான்.

அவள் அடிக்கடி சொன்னது ஒரே ஒரு படத்தைத்தான். அதில் கடலுக்குப் போன புருஷன் திரும்ப மாட்டான். கருமாதி முடிந்த மறுநாள் பெண்டாட்டி மீன்கூடையைத் தலையில் வைத்துச் சந்தைக்கு நடப்பாள். அதோடு படம் முடியும். தன் புருஷனைக் கடல் கொண்டுபோன வருஷம் அதைப் பார்த்துத்தான் தைலம்மாளும் கூடையை எடுத்தாள். சொந்தபந்தம் ஒன்றும் கொடுக்காத தைரியத்தை அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் கொடுத்தது.

அறுபத்தேழில் அதே கதையைக் கலரில் எடுத்திருப்பதாக ஜட்கா வண்டியில் நோட்டீஸ் போட்டுக்கொண்டு போனார்கள். தைலம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. ஐப்பசிப் புயலில் அவள் அண்ணன் மகன் சின்னத்தம்பி போனதிலிருந்து, அவன் பெண்டாட்டி தனம் இரண்டு பிள்ளைகளோடு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் மாசத்திலேயே சினிமாவா என்று கேட்டவர்களை வாயடக்கிவிட்டு, தைலம்மாள் அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

புதுக் கதாநாயகி பட்டுப்புடவையில் அழுதாள், பாடினாள், மறுபடி அழுதாள். கூடையை எப்போது எடுப்பாள் என்று தைலம்மாள் தரை டிக்கெட்டில் மண்டிபோட்டுப் பார்த்தாள். அவளோ கூடையைத் தாண்டிப் போய்க் கடலில் இறங்கி மூழ்கிவிட்டாள். திரையில் 'வணக்கம்' என்று போட்டுப் படத்தை முடித்தார்கள். கொட்டகையே மூக்கைச் சிந்தியது.

தனம் மட்டும் அழவில்லை. வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தைலம்மாள் அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். இதை நானே கூட்டிவந்து காட்டினேனே!

வாசலில் கொட்டகை மேனேஜரைப் பிடித்துக்கொண்டாள். "பழைய கதைன்னு சொல்லி ஏன்யா ஏமாத்துறீங்க? அவ ஏன் சாவணும்?"

"ஜனங்க அழுதாத்தாம்மா படம் ஓடும்."

"எங்க கரையில அழுவுறதுக்கா ஆளு பஞ்சம்? எழுந்திரிக்கிறதுக்குத்தான்யா ஆளு இல்ல! கலரு பூசத் தெரிஞ்ச பாவிங்களுக்கு அவள நடக்க வைக்கத் தெரியலியே!"

பஸ் ஊரைத் தாண்டும்வரை திட்டித் தீர்த்தாள். தனம் மெதுவாகக் கேட்டாள்: "அத்தை, அவளுக்கு ரெண்டு புள்ளைங்க இருந்துச்சே. அதுங்களுக்கு யாரு சோறு போட்டிருப்பா?"

"படம் எடுத்தவன் அத எங்க யோசிச்சான்!"

மறுநாள் கரையில் தைலம்மாளைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். தனமும் வந்திருந்தாள். அவள் மடியில் ஒரு பழைய கூடை.

"கலர் படத்துல முடிவு என்னா?" என்றாள் ராணியம்மாள்.

தைலம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் தனம் சொல்லிவிட்டாள். "என்னா முடிவு? கூடைய தூக்கிக்குனு சந்தைக்குப் போனா."

தைலம்மாள் ஆமாம் என்று தலையாட்டினாள். முதல் படகு வந்தது. தனம் எழுந்து, முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கூடையை நீட்டினாள்.