தொழில் என்ற இடத்தில்

அம்மா இறந்த முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்காக அண்ணை விபரம் எழுதிக்கொண்டிருந்தார். "தொழில்: இல்லத்தரசி" என்றார். பக்கத்துத் தோட்டத்தில் இறைப்பு மிஷின் படபடத்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதே சத்தத்துக்குள் இருந்துதான் சின்ன வயதில் ஒருநாள் நான் பள்ளிக்கூடப் படிவம் நிரப்பினேன். அப்பா கிணற்றடி நிழலில், மிஷினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அம்மா முழங்கால்வரை சேற்றோடு வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். ஒரு பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் அதை அடைத்து, அடுத்ததை வெட்டிவிட வேண்டும். நிமிர நேரமில்லை.

"அப்பா, அம்மாவுக்கு என்ன தொழில் எண்டு எழுதிறது?"

"அவ சும்மாதானே இருக்கிறா. ஒண்டுமில்லை எண்டு போடு."

அம்மாவுக்கும் கேட்டது. "வடிவா எழுது பிள்ளை" என்றபடி அடுத்த பாத்தியை வெட்டிவிட்டார். நானும் அழகான கையெழுத்தில் "ஒன்றுமில்லை" என்று வடிவாகத்தான் எழுதினேன்.

இன்றைக்கு அண்ணையின் பேனாவைப் பறித்து, அவர் எழுதியதை வெட்டிவிட்டு "விவசாயி" என்று எழுதினேன்.

"உனக்கென்ன விசரே? அப்பாவெல்லோ விவசாயி. சனம் சிரிக்கும்."

"அம்மா கால் முறிஞ்சு படுத்த வருசம் எங்கடை தோட்டத்திலை என்ன விளைஞ்சது, சொல்லுங்கோ."

அந்த வருடம் முழுக்க விளைந்தது புல்.