பார்சிலோனாவுக்கு ஸ்வெட்டர் வேண்டாம் என்று எழுதினேன்

1. வீடியோ கால்

இராஜபாளையத்தில் ஒரு டிராவல்ஸில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். பொங்கலுக்கு மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் போனில் வீடியோ கால் வந்தது. திரையில் எங்கள் கஸ்டமர் கதிரேசன் அண்ணாச்சி. பேண்டேஜ் துணி ஃபேக்டரிக்காரர். ஸ்பெயினில், பார்சிலோனா கடற்கரையில், ஈர வேட்டியோடு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் பளீரென்று வெயில்.

"ஏலே, வெயிலடிக்கும்னு எழுதுன. அடிக்குது. சூடு எங்கலே?"

பக்கத்தில் அவர் மனைவி. "கடலைப் பாத்தா மூணு முங்கு போடாம வரமாட்டாராம். ராமேஸ்வரம்னு நெனப்பு!"

போனைப் பிடித்திருந்த ஓனர் ஜெயராணி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவிய ஊருக்கு வரட்டும். பொறவு நீ இங்க இருக்கணுமா வேண்டாமான்னு பேசுவோம்."

2. ஐந்து மார்க் பதில்

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.ஏ. புவியியல். அதனாலேயே ஊர் ஊருக்கு சீதோஷ்ணக் குறிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மத்திய தரைக்கடல் காலநிலை எனக்குத் தண்ணி பட்ட பாடு. "கோடையில் மழை இல்லை. செப்டம்பர், அக்டோபரில் திடீர் மழை. குளிர்காலம் மிதமானது" என்று எழுதினேன். ஜனவரியில் பகல் பதினான்கு டிகிரி, நல்ல வெயில் என்பதை நெட்டில் பார்த்துச் சேர்த்தேன். எல்லாம் சரி. அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். "ஸ்வெட்டர் சுமக்க வேண்டாம்" என்று ஒரு வரியைச் சொந்தமாகப் போட்டேன்.

நம்மூரில் வெயிலடித்தால் சட்டையைக் கழற்றத்தான் தோன்றும். வெயிலும் குளிரும் சேர்ந்து வரும் என்று யாருக்குத் தெரியும்? புத்தகத்தில் மிதம் என்று எழுதியவர் பனியில் புரண்டவராக இருக்க வேண்டும். என்னை மாதிரி சேத்தூர்க்காரனைக் கேட்டு எழுதவில்லை.

3. விசாரணை

ஒரு வாரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டே அண்ணாச்சி வந்தார். அக்கா என்னை முன்னால் நிறுத்தினார்.

"தப்புதான் அண்ணாச்சி. நான் கொடைக்கானல் கூடப் போனதில்ல. வெயில்னா சூடுன்னு நெனச்சிட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு தும்மினார். "நானும் அப்படித்தானலே நெனச்சேன்!"

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இவன வேலைய விட்டு எடுத்துறாத தாயி. திருத்தி எழுதச் சொல்லு" என்றவர், குரலைத் தணித்தார். "பிப்ரவரியில என் சம்பந்தி அங்க போறாரு. அவருக்கு மட்டும் பழைய தாளையே குடு."

வேலை தப்பியது. புதிதாக எழுதும் முன், எப்படி இருந்தது என்று அண்ணாச்சியிடமே கேட்டு, அவர் சொன்னதை அப்படியே போட்டேன்: "நடுப்பகல்கூட கொடைக்கானல் விடியற்காலை மாதிரி இருக்கும். கடலில் கால் மட்டும் நனைக்கவும்."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். டிகிரி சரியாக இருந்தால் போதாது. படிக்கிறவர் உடம்புக்கு அது விளங்க வேண்டும்.

சம்பந்திக்குப் புதுத் தாளைத்தான் கொடுத்தேன். ஸ்வெட்டரோடு போய், ஒரு தும்மல்கூட இல்லாமல் திரும்பி வந்தார். சளி பிடித்ததை மன்னித்த அண்ணாச்சி, இதை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.