கம்ப்யூட்டருக்கு நீலம் அடித்தது

எட்டாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் பெட்டிக்கு நான் நீலப் பெயின்ட் அடித்தேன். தோழி வீட்டில் இருந்தது கறுப்பில் மினுங்கியது. எங்களுடையதோ பல் துலக்காதவர் பல்லின் நிறம். அதை மாற்றாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கம்ப்யூட்டர் எனக்காக வாங்கியதல்ல. அப்பா மஸ்கட்டில் வெல்டிங் வேலையில் இருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வாங்க வைத்தார். தக்கலையிலிருந்து ஆட்டோவில் அதை மடியில் வைத்துக் கொண்டுவந்த அம்மா, பூப்போட்ட துணியில் உறை தைத்து மூடினாள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத்தான் உறை விலகும்.

மாமா லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். மிச்சம் இருந்த நீலத்தைக் கேட்டபோது, "சைக்கிளுக்கா?" என்றார். ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாத விதத்தில் தலையாட்டினேன்.

ஆனி மாத மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்ட ஒரு புதன்கிழமை, அம்மா பூதப்பாண்டியில் ஒரு சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போயிருந்தாள். பெட்டியை உப்புத்தாளால் தேய்த்து, காற்றுத் துளைகளில் செய்தித்தாள் ஒட்டி, இரண்டு முறை அடித்தேன். ஆன் செய்யும் பொத்தானையும் விட்டுவைக்கவில்லை. அழகாகத்தான் இருந்தது. ஆனால் மழையில் பெயின்ட் காயாது என்பதை நான் யோசித்திருக்கவில்லை. மின்விசிறிக்கு நேராக வைத்தேன், புத்தகத்தால் விசிறினேன். அம்மா கேட்டைத் திறக்கும் சத்தம் வந்ததும் ஈரத்தின் மேலேயே உறையை மாட்டினேன்.

அதன்பின் இரண்டு நாள் எனக்குக் காய்ச்சல் வருமா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். வரவில்லை. வெள்ளிக்கிழமைதான் வந்தது.

அம்மா உறையை இழுத்தாள். அது பாதிப் பெயின்டோடு பிய்ந்து வந்தது. பொத்தானை அழுத்தினாள். அசையவில்லை.

"ஏட்டி, என்ன செய்து வச்சிருக்க?"

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அதற்குள் செல்போன் அடித்தது. அப்பா. அம்மா என்மேல் புகார் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். பிறகு, "எப்பம்?" என்று மட்டும் கேட்டாள். போனோடு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்னை அடிப்பதற்கென்றே அப்பா ஊருக்கு வருகிறார், எப்பம் என்றுதான் கேட்கிறாள் என்று எனக்குப் பட்டது.

வெளியே வந்த அம்மாவின் கண் சிவந்திருந்தது. போனை என்னிடம் நீட்டினாள்.

"என்ன கலரு அடிச்சே மக்கா?" அப்பாவின் குரல் வாய்க்குள் எதையோ அடக்கிவைத்ததுபோல் இருந்தது. கோபம் என்று நினைத்தேன்.

"நீலம்."

"நல்ல கலருதான். பேடிக்காத. அத இப்பம் நன்னாக்காண்டாம், ரிப்பேருக்கு ஆளக் கூப்பிடாண்டாம்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கேன். போன்ல பேசினாப் போரும்."

மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா என்று வாரத்துக்கு ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன். "அதுக்கு இப்பம் என்ன அவசரம்?" என்பாள். இதுதான் எனக்கான தண்டனை என்று முடிவு செய்தேன். கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி வேண்டாம் என்றேன். அம்மா அதற்கும் அழுதாள். ஒரு பெட்டிக்காக ஒருத்தி இத்தனை அழுவாளா என்று எனக்கு ஆச்சரியம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அப்பா வந்தார். வலது கன்னத்திலிருந்து கழுத்துவரை தோல் சுருங்கிப் பளபளத்தது. சிரித்தால் ஒரு பக்கம்தான் சிரித்தது. வேலையிடத்தில் கேஸ் வெடித்தது ஆனி மாதம் என்று அவர் மாமாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மாதம்தான் விழுந்தது, அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

மறுநாள் மெக்கானிக் வந்து பொத்தானைச் சுற்றி பிளேடால் ஒரு கீறல் போட்டு அழுத்தினான். உடனே திரை வெளிச்சமானது. ஐந்து மாதமாக எங்களைப் பார்க்க விடாமல் செய்துவிட்டேனே என்று அப்பாவிடம் அழுதேன். அவர் என் தலையைத் தன் நல்ல கன்னத்தோடு சேர்த்துக்கொண்டார்.

"நீ செய்தது நல்ல காரியம் மக்கா" என்றார்.

என் பெயின்டைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மானிட்டருக்கும் அடிக்கட்டுமா என்று கேட்டேன்.