கரண்ட் வைத்த காலத்துச் சாப்பாடு

பெங்களூரில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால் முதலில் வருகிற கேள்வி "ஊட்டா ஆய்த்தா?" என்பதுதான். சாப்பாடு ஆச்சா என்று கேட்கிறார்கள். கன்னடக்காரர்கள் கேட்டுக் கேட்டு, ஆடுகோடியில் குடியிருந்த தமிழர்களான எங்களுக்கும் அது தொற்றிக்கொண்டது. கேட்டவர் பதிலுக்கு நிற்பதுகூட இல்லை. "ஆய்த்து" என்று சொல்லிவிட்டு நாமும் நடக்க வேண்டியதுதான். எனக்குக் கன்னத்தில் புற்றுநோய் வந்து கரண்ட் வைத்த அந்த வருஷத்தில், இந்த ஒரு கேள்விக்குப் பயந்தே நான் தெருவில் இறங்குவதை விட்டேன்.

இரண்டாயிரமாவது வருஷம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. காலையில் ஓசூர் ரோட்டில் கம்ப்யூட்டர் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நிற்கும். அந்த வரிசைக்குள் மாட்டிக்கொண்டு நான் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போவேன். தைத்து வருகிற சட்டைகளைப் பிரித்துப் பார்த்து அனுப்புகிற செக்கிங் வேலை. நாள் முழுக்க நின்றபடியே செய்ய வேண்டும். பசியும் தூக்கமும் தெரியாமலிருக்க வெற்றிலையோடு ஒரு துண்டு புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வேன். எங்கள் வரிசையில் பாதிப் பேருக்கு அந்தப் பழக்கம் உண்டு. எனக்கு மட்டும் புகையிலை வைத்த இடத்தில் புண் வந்து ஆறாமல் நின்றது. ஏன் எனக்கு மட்டும் என்று கொஞ்ச நாள் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். பிறகு ஆஸ்பத்திரி அலைச்சலில் அதற்கும் நேரமில்லாமல் போய்விட்டது.

நல்லவேளையாகச் சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டார்கள். கன்னத்தின் உள்பக்கம் வெட்டி எடுத்துத் தையல் போட்டார்கள். அது ஆறியதும் கரண்ட் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். பேப்பரில் எழுதுகிறவர்கள் கதிர்வீச்சு என்பார்கள். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு, எந்த மொழி பேசினாலும், அது கரண்ட்தான்.

டாக்டர் கன்னடக்காரர். எங்களுக்காகத் தமிழில் பேசுவார். "அம்மா, கரண்ட் ஸ்டார்ட் ஆனா வாய் பூரா புண்ணாகும். ருசி போகும். எச்சில் காஞ்சு போகும். ஆனா ஊட்டா மட்டும் நிறுத்தவே கூடாது. வெயிட் ரொம்ப இறங்கிச்சுன்னா மூக்குல ட்யூப் போட்டுதான் கொடுக்கணும்," என்றார்.

"ருசி திரும்ப வருமா சார்?" என்று கேட்டேன். உயிர் பிழைப்பேனா என்று கேட்க வேண்டிய இடத்தில் என் வாயில் வந்தது அதுதான்.

"மெல்ல மெல்ல வரும். சிலருக்கு முழுசா வராது."

பொய் சொல்லத் தெரியாத மனிதர். அவர் சொன்ன இரண்டில் பின்னது மட்டும் எனக்குள் தங்கிவிட்டது.

சாப்பாட்டின் மேல் எனக்கு அப்படி ஒரு ஆசை. ஞாயிற்றுக்கிழமை சிவாஜிநகர் போய்க் கறி வாங்கி வந்து, மிளகு அரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டு, அந்தச் சாற்றில் களி உருண்டையைத் தோய்த்து விழுங்கினால்தான் எனக்கு அந்த வாரம் முடிந்த மாதிரி இருக்கும். என் கணவர் வேறு ரகம். லேத் பட்டறையில் வேலை, பேச்சு குறைவு. கல்யாணமான நாளிலிருந்து என் சமையலை நன்றாக இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னதில்லை. ஆனால் உப்பு ஒரு கல் குறைந்தால் போதும், "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். விருந்தாளி எதிரிலும் அதே கதைதான். "நாக்கா இது, தராசா?" என்று நானும் விடமாட்டேன். எங்கள் வீட்டுச் சண்டையில் பாதி உப்புச் சண்டை.

கரண்டுக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள் சில இருந்தன. ஆட்டம் கண்டிருந்த கீழ்ப்பற்களையெல்லாம் பல் டாக்டர் பிடுங்கிவிட்டார். கரண்ட் வைத்த பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாதாம். அப்புறம் முகமூடி. இடியாப்பத் தட்டு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு ஒன்றை வெந்நீரில் போட்டு எடுத்து, என் முகத்தின் மேல் இழுத்து அழுத்தினார்கள். சூடாக, ஈரத்துணி போல வந்து விழுந்தது, ஆற ஆற என் மூக்கும் தாடையும் அச்சாக இறுகிவிட்டது. தலை அசையாமலிருக்க தினமும் அதை எனக்கு மாட்டி மேஜையோடு பூட்டுவார்கள். முதல் நாள் மூச்சே போய்விடும் என்று பயந்தேன். பழகிய பிறகு, நின்றே சம்பாதித்தவளுக்குப் படுத்துக்கிடக்கவும் ஒரு இடம் கிடைத்ததே என்று எண்ணிக்கொள்வேன்.

இன்னொரு வேலை சாப்பிடுவது. எடை இறங்கப்போகிறது, முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். சந்தாபுராவில் கட்டிக்கொடுத்திருந்த மகள் கைக்குழந்தையோடு வந்து முட்டையும் பாலும் நெய்யுமாகப் போட்டுத் தள்ளினாள். "என் சீமந்தத்துக்குக்கூட நீ எனக்கு இவ்ளோ போடலியேம்மா," என்று கிண்டல் வேறு. குழந்தைக்குக் காய்ச்சல் வரவே அவள் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. சமையல் என் கணவர் கைக்கு வந்தது. அதுவரை பாலைப் பொங்கவிடாமல் இறக்கக்கூடத் தெரியாத மனிதர்.

கரண்ட் ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் ருசி போனது. காபி வெறும் சுடுதண்ணீராக இருந்தது. சோறு ஈரக் காகிதமாக இருந்தது. அடுத்து வாயெல்லாம் புண். எச்சில் வற்றி, ஒரு வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால்தான் எதுவும் இறங்கும். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கு யோசனை சொல்கிற பெண், "காரா பேடா, ஹுளி பேடா, உப்பு கம்மி," என்றாள். காரம் வேண்டாம், புளி வேண்டாம், உப்பு குறைவாக. என் கணவர் சாமி எதிரில் நிற்கிற மாதிரி கைகட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து கஞ்சியில் ஒரே ஒரு சிட்டிகை உப்புப் போட்டார். வாயில் நெருப்பைக் கொட்டியது போல இருந்தது. டம்ளரை விட்டெறிந்தேன்.

"கொல்லப் பாக்குறியாயா?" என்று கத்தினேன். கத்தியதில் இன்னும் வலித்தது.

அவர் துணி எடுத்துவந்து சுவரில் வழிந்த கஞ்சியைத் துடைத்தார். அன்றோடு என் சாப்பாட்டில் உப்பு நின்றது.

அதன்பின் ஒரே பாத்திரத்தில் குழைய வேகவைத்த சோறும் பருப்பும்தான். பட்டறையில் சொல்லிவிட்டு மத்தியானமும் வீட்டுக்கு வந்துவிடுவார். சமையலறையிலிருந்து இரண்டு தட்டுகளோடு வந்து, ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு எதிரில் தரையில் உட்காருவார். அவர் தட்டில் மட்டும் அங்கேயே உப்பும் ஊறுகாயும் பிசைந்து எடுத்து வந்துவிடுவார், என் எதிரில் பாட்டிலைத் திறந்தால் எனக்கு மனசு கஷ்டப்படுமே என்று. அந்த மட்டில் நல்ல மனுஷன்தான். ஆனாலும் அவர் கை நிறைய அள்ளி, சப்புக்கொட்டிச் சாப்பிடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறெரியும்.

"இன்னும் ரெண்டு வாய் துன்னுமே."

"வேணாம்யா. ஒனக்கு இன்னா, ருசியா துன்ற. எனக்கு மண்ணு துன்ற மாதிரி இருக்குது."

"மூக்குல ட்யூப் போட்டுடுவாங்கமே. சரி, நா ஒரு வாய், நீ ஒரு வாய்."

விடாக்கண்டனும் கொடாக்கண்டனுமாக இப்படியே சாப்பாடு நடக்கும். அவர் ஒரு வாய் போட்டுக்கொண்டு என் வாயைப் பார்ப்பார். நான் விழுங்கிய பிறகுதான் அவர் கை மறுபடி தட்டுக்குப் போகும். வாரத்துக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் எடை பார்ப்பார்கள். நான் மிஷின் மேல் ஏறும்போது அவர் முள்ளைப் பார்க்கமாட்டார், டாக்டர் முகத்தைத்தான் பார்ப்பார். ஒரு தடவை டாக்டர் உதட்டைப் பிதுக்கி, "இன்னும் இறங்கிச்சுன்னா ட்யூப்தான்," என்றார். அன்று ராத்திரி அவர் கொடுத்ததை முழுசாக விழுங்கினேன்.

எப்படியோ ட்யூப் இல்லாமல் கரண்ட் முடிந்தது. முகமூடி வேண்டுமா என்று கேட்டார்கள். இருக்கிற ஒரு மூஞ்சியே போதும் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் இருந்தபடியே மாதங்கள் போயின. புண்ணெல்லாம் ஆறியது. கழுத்தில் கறுத்திருந்த தோல் உரிந்து புதுத்தோல் வந்தது. ருசி மட்டும் வரவில்லை. மாடியில் இருந்த வீட்டு ஓனரம்மா ஜன்னலிலிருந்து "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்கும்போதெல்லாம் காது கேளாதவள் போலத் திரும்பிக்கொள்வேன். "உப்பு போட்டுப் பாக்கட்டுமா?" என்று என் கணவர் அவ்வப்போது கேட்பார். "எரியும், வேணாம்," என்பேன். எரியாது என்று எனக்கே தெரியும். உப்புப் போட்டும் தெரியாமல் போனால் என்ன செய்வது என்ற பயம். ருசி முழுசாகத் திரும்பாத அந்தச் சிலரில் நானும் ஒருத்தி என்று தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தண்ணீர் லாரி வந்துவிட்டது. ஓனரம்மா கத்தவே, என் கணவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் தட்டு என் எதிரில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் உப்பு இருக்கிறது, ஊறுகாயும் இருக்கிறது. ஒரு வாய்தானே, யாருக்கும் தெரியப்போவதில்லை. எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஒன்றுமில்லை. அதே ஈரக் காகிதம். இன்னொரு வாய் எடுத்து, தண்ணீர் குடித்து, நாக்கில் வைத்துப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

முடிந்தது என்று நினைத்தேன். டாக்டர் சொன்ன அந்தச் சிலரில்தான் நானும். இனி ஆயுசுக்கும் களியும் மண்ணும் எனக்கு ஒன்றுதான். துக்கத்தைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. கை கழுவச் சமையலறைக்குப் போனபோது அலமாரியின் மேல்தட்டில் உப்பு ஜாடி இருந்தது. அதன்மேல் அப்படி ஒரு கோபம். மூடி இறுகியிருந்தது, இழுத்துத் திறந்தேன். கல்லுப்பெல்லாம் நீர்விட்டுக் கட்டிதட்டிப் போயிருந்தது. கரண்டிக் காம்பால் குத்திக் கை நிறையப் பெயர்த்தெடுத்து, அதில் ஒரு கட்டியை வாயில் போட்டுக்கொண்டேன். செத்த நாக்குக்கு இது எந்த மூலைக்கு?

எச்சில் இல்லாத வாயில் அது கூழாங்கல் போலக் கிடந்தது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன். கரைந்தது.

கரித்தது.

கரித்தது! முதலில் நாக்கின் ஓரத்தில் லேசாக, பிறகு தொண்டைவரை. துப்பாமல் நின்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. உப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சந்தோஷமாக அழுதுகொண்டிருக்கும்போதுதான் மெதுவாக உறைத்தது. நாக்கு சாகவில்லை என்றால், அவர் தட்டில் ஏன் ஒன்றும் தெரியவில்லை?

அவர் தோளில் குடத்தோடு உள்ளே வந்தார். நான் அவர் தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"யோவ், இதுல உப்பு எங்கயா?"

"உனக்குத்தான் எரியுமே."

"இது உன் தட்டுய்யா."

அவர் குடத்தை இறக்கி வைத்தார்.

"ஊறுகாய் பாட்டிலு எங்க?"

"அது பூஞ்சை புடிச்சி தூக்கிப் போட்டு ரொம்ப நாளாச்சி."

"அப்போ இவ்ளோ நாளும் இதயா துன்ன? உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு தட்டத் தள்ளுன ஆளு நீ!"

அவர் துண்டால் தோளைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நா உப்பு போட்டு துன்னுகினு, உன்ன மட்டும் இத முழுங்குன்னு எந்த மூஞ்ச வெச்சிகினு சொல்றது?"

குடத்தைத் தூக்கக் குனிந்தவர், பாதியில் நிமிர்ந்தார்.

"இரு. உப்பு இல்லன்னு உனக்கு எப்டி தெரிஞ்சிது?"

நான் மூடியிருந்த இன்னொரு கையை விரித்துக் காட்டினேன். உப்பு வியர்வையில் கரைந்து உள்ளங்கை முழுக்க ஈரமாக இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார். அப்படியே குடத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். பல் பிடுங்கியபோதும், முகமூடி மாட்டியபோதும், டாக்டர் உதட்டைப் பிதுக்கியபோதும் அழாத மனுஷன், ஈரத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். லாரிக்காரன் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். இரண்டாவது குடத்துக்கு அன்று நாங்கள் போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரைச் சிவாஜிநகர் அனுப்பிக் கறி வாங்கிவரச் சொன்னேன். காரத்துக்கு இன்னும் வாய் தயாராகவில்லை. மிளகை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். உப்பு மட்டும் என் கை அளவுக்குப் பழையபடி போட்டேன். களி உருண்டையை நடுவில் வைத்து, சாற்றை ஊற்றி, அவர் எதிரில் தட்டை வைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன். எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் உப்பு தெரிந்தது, சரியாக இருந்தது.

அவர் ஒரு வாய் வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார்.

"இன்னாயா?"

"உப்பு ஜாஸ்தியா இருக்குதுமே."

நான் மறுபடி தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஜாஸ்தி இல்லை. அவர் நாக்குதான் மாறிப்போயிருந்தது. வேறு நாளாக இருந்தால் கரண்டி பறந்திருக்கும்.

"மெல்ல மெல்ல வரும், துன்னுயா," என்று இன்னொரு கரண்டி ஊற்றினேன்.